தேநீர்: எப்போது, எப்படி, எவ்வளவு?



எங்கள் எலப்புள்ளிப் பக்கம் விடியும் முன்பே திறந்துவிடும் கடை சாயக்கடைதான். கடையில் அது சாயா, வீட்டில் டீ, மேடையில் தேநீர். மூணாறு மலைகளில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அதன் கொழுந்தைப் பறித்து வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து குடியேறிய நம் மக்களே. நமக்கு இத்தனை நெருக்கமான இந்தப் பானம் உடலுக்கு நல்லதா, கெட்டதா என்று பார்ப்போமா?

முதலில் நன்மைகளைச் சொல்லிவிடுகிறேன். தேயிலையில் பாலிஃபினால் என்னும் பொருள்கள் நிறைய உள்ளன. பிரிட்டனில் சுமார் 5 லட்சம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2022-இல் வெளியானது. தினமும் இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ தேநீர் அருந்தியவர்களுக்கு, அருந்தாதவர்களை விட இறப்பு அபாயம் 9 முதல் 13 சதவீதம் வரை குறைவாக இருந்தது. பால் சேர்த்தவர்களுக்கும் இந்தப் பலன் காணப்பட்டது. இதற்குத் தேநீர் மட்டுமே காரணம் என்று நிரூபணமாகிவிடவில்லை. ஆனாலும் தேநீரைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை என்பது தெளிவு. அதிலுள்ள காஃபீன் சோர்வைப் போக்கும். இரவுப் பணி பார்த்த இரயில்வேக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

துருப்பிடித்த இரும்பின் மேல் பூசுவதற்கு டானிக் அமிலம் கலந்த திரவம் ஒன்று உண்டு. பூசியதும் சிவந்த துரு கறுத்து இறுகும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதும் மை காய்ச்சினார்களே, அதுவும் இதே தத்துவம்தான். கடுக்காயின் துவர்ப்பு, அன்னபேதியிலுள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு கறுப்பாகிறது. தேநீரின் துவர்ப்பும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. சந்தேகம் இருந்தால் பால் சேர்க்காத கட்டன் சாயாவில் ஓர் இரும்பு ஆணியை இரவு முழுவதும் போட்டு வையுங்கள். காலையில் நீர் கறுத்திருக்கும்.

நம் வயிற்றுக்குள்ளும் இதுவே நடக்கிறது. கீரை, பயறு, கேழ்வரகு ஆகியவற்றிலுள்ள இரும்புச் சத்தைத் தேநீர் பிடித்து வைத்துக்கொள்ளும். உடலில் சேர வேண்டியதில் பாதிக்கும் மேல் வீணாகிவிடலாம். மீன், இறைச்சியிலுள்ள இரும்புக்கு இந்தப் பாதிப்பு குறைவு. ஆகவே சைவ உணவுக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

இதைச் சிறிய விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. காலையில் பலகாரத்துக்குப் பதில் ஒரு டீ, மதியம் சோறு உண்டதும் ஒரு டீ என்று நாளை ஓட்டும் தாய்மார்கள் எத்தனை பேர்! சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச் சத்து மாத்திரையை டீயுடன் விழுங்குவோரும் உண்டு. அந்த மாத்திரையில் இருப்பது பெரும்பாலும் அன்னபேதி உப்புதான். அதை டீயுடன் விழுங்கினால், வயிற்றில் மை காய்ச்சுவதற்குச் சமம்!

ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிப்போம்.

1. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் தேநீர் வேண்டாம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே கூறுகிறது.

2. இரும்பு மாத்திரையைத் தண்ணீரில் மட்டும் விழுங்குங்கள். உணவோடு நெல்லிக்காய், எலுமிச்சை சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்றாக உடலில் சேரும்.

3. கொதிக்கக் கொதிக்கக் குடிக்காதீர்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாயில் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் 2016-இல் எச்சரித்தது. இரண்டு ஆற்று ஆற்றிக் குடித்தால் போயிற்று.

4. சர்க்கரையைக் கணக்குப் பாருங்கள். ஒரு டீக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு ஐந்து டீ என்றால் பத்துக் கரண்டி, அதாவது சுமார் 40 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

5. ஒரு கோப்பையில் 30 முதல் 65 மில்லிகிராம் வரை காஃபீன் உண்டு. நாளுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மூன்று, நான்கு கோப்பையோடு நிறுத்திக்கொள்ளலாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டு அதற்கும் குறைத்துக்கொள்வது நலம்.

தேநீர் நல்ல பானம்தான். ஆனால் அது உணவாகாது. வீட்டில் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, தான் மட்டும் சாப்பிடாமல் டீயோடு நிறுத்திக்கொள்ளும் தாயோ மனைவியோ மகளோ இருந்தால், முதலில் அவருக்கு இரண்டு இட்லி எடுத்து வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எல்லோரும் சேர்ந்து டீ குடிக்கலாம்.