மனப்பாடப் பேச்சு மேடையில் மக்கர் பண்ணாமலிருக்க...

ஜூலை 15 காமராசர் பிறந்த நாள். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அது கல்வி வளர்ச்சி நாள். அதற்குச் சில நாள் முன்பு பிள்ளையின் டைரியில் ஒரு வரி வந்து உட்காரும்: 'பேச்சுப் போட்டி, 3 நிமிடம்'. மேடையில் நிற்கப்போவது பிள்ளை. தயார் செய்யும் வேலையோ பெரும்பாலும் அடுப்படியில் நிற்பவர் தலையில்தான் விழும். அவர்களுக்காகச் சில குறிப்புகள். குடியிருப்போர் சங்கத்தில் வரவேற்புரை சொல்லப்போகும் பெரியவர்களுக்கும் இவை உதவும்.

1. உரையை எழுதிக் கொடுப்பதற்கு முன் பிள்ளைக்கு விஷயத்தைக் கதையாகச் சொல்லுங்கள். பிறகு அதையே பாட்டியிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ போய்ச் சொல்லச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அதற்கே உற்சாகம் வருகிறது, எதைத் தாண்டிப் போகிறது என்று கவனியுங்கள். உற்சாகம் வந்த இடத்தை வைத்து உரையை எழுதுங்கள். இணையத்தில் கிடைப்பதை அப்படியே எடுத்தால் அதே உரையோடு இன்னும் இரண்டு பிள்ளைகள் வந்து நிற்பார்கள்.

2. '1903-இல் விருதுநகரில் பிறந்தார்' என்று தொடங்க வேண்டாம். அன்றைக்கு மேடையேறும் பாதிப் பேர் அப்படித்தான் தொடங்குவார்கள். பசியோடு பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு மதிய உணவு போட்ட கதையிலிருந்து ஆரம்பிக்கலாம். பிறந்த ஊரும் ஆண்டும் வேண்டுமானால் நடுவில் வரட்டும்.

3. 'பேரன்பிற்கும் பெருமதிப்பிற்கும் உரிய' என்று தொடங்கி, தலைமையாசிரியர் முதல் தோழர் தோழியர் வரை தனித்தனியாக வணக்கம் சொன்னால் மூன்று நிமிடத்தில் கணிசமான பகுதி கரைந்துவிடும். 'அவையோர் அனைவருக்கும் வணக்கம்' என்ற ஒரு வரி போதும். மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

4. நீளத்தைப் பக்கக் கணக்கில் பார்க்காதீர்கள். செல்போனில் ஸ்டாப்வாட்ச் போட்டு, நிதானமாக வாசிக்க வைத்துப் பாருங்கள். மூன்று நிமிடப் போட்டிக்கு வீட்டில் இரண்டரை நிமிடம் வந்தால் சரி. மேடைக்கு நடந்து போவது, மைக்கைச் சரிசெய்வது, கைதட்டலுக்கு நிற்பது எல்லாம் மீதி அரை நிமிடத்தில் அடங்கும். கூடினால் ஒரு பத்தியை முழுசாக வெட்டுங்கள். வேகமாகச் சொல்லி முடிக்கச் சொல்லாதீர்கள்.

5. எண்களை எழுத்தால் எழுதிக் கொடுங்கள். '1954' என்று பார்த்துப் படித்த பிள்ளை மேடையில் அந்த இடம் வந்ததும் ஒரு நொடி தடுமாறும். 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்கு' என்று எழுதியிருந்தால் நாக்குக்குப் பழகிவிடும். அதிலும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உரையில் வைக்காதீர்கள்.

6. பிள்ளை தினமும் பேசும் சொல்லாக இருந்தால் மறக்காது. 'கல்விக்கண் திறந்த கர்ம வீரர்' என்ற அடைமொழியை ஒரு தடவை வைக்கலாம். வரிக்கு வரி வைத்தால் எந்த வரியில் எது வந்தது என்று குழம்பிவிடும். திரும்பத் திரும்ப இடறும் சொல் ஏதாவது இருந்தால் பிள்ளையைத் திட்டாமல் சொல்லை மாற்றுங்கள். ழகரம், ளகரம், றகரம் வரும் சொற்களுக்கு மட்டும் அடியில் சிவப்பு மையால் கோடு போட்டு, அவற்றை முதல் இரண்டு நாளிலேயே தனியாகப் பழக்கிவிடுங்கள். கடைசி நாளில் திருத்தப் போனால் பழைய உச்சரிப்பும் வராது, புதியதும் வராது.

7. பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் தூக்கிப் போடாமல் வையுங்கள். வெறுமையாக இருக்கும் பக்கத்தைப் பாதிப் பாதியாக வெட்டினால் நல்ல கெட்டியான அட்டை கிடைக்கும். பத்திக்கு ஓர் அட்டை என்று வைத்து, பெரிய எழுத்தில் எழுதி, மூலையில் எண் போட்டு, துளையிட்டு நூலில் கோர்த்துவிடுங்கள். தாள் என்றால் கை நடுங்குவது அரங்கத்துக்கே தெரியும், மைக்கில் சலசலக்கும். அட்டையில் அந்தத் தொல்லை இல்லை. முழு வாக்கியத்தையும் ஒரே ஓட்டமாக எழுதாமல், மூச்சு விடும் இடத்தில் வரியை உடைத்து எழுதுங்கள். வின்ஸ்டன் சர்ச்சில் தம் உரைகளை இப்படித்தான், கவிதை வரிகள் போலத் துண்டு துண்டாகத் தட்டச்சு செய்ய வைத்தார்.

8. மனப்பாடத்தைக் கடைசிப் பத்தியிலிருந்து தொடங்குங்கள். எப்போதும் முதல் வரியிலிருந்தே சொல்லிப் பழகினால், முதல் பத்தி நூறு தடவை சொல்லியிருக்கும். கடைசிப் பத்தி நாலு தடவைகூட வந்திருக்காது. முடிவு நன்றாகப் பதிந்துவிட்டால், போகப் போகத் தெரிந்த இடத்துக்கு வருகிறோம் என்ற தைரியம் பிள்ளைக்கு வரும்.

9. இரண்டு மணி நேரம் உட்கார வைத்து உருப்போட வைப்பதைவிட, காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம் என்று பிரித்துச் செய்வது நல்லது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தம்மையே சோதித்துப் பார்த்து 1885-இல் வெளியிட்ட ஆய்விலேயே இது இருக்கிறது. இரவு படுக்கும் முன் ஒரு தடவை, காலையில் பல் துலக்கியதும் ஒரு தடவை. நடுவில் தூக்கம் பார்த்துக்கொள்ளும்.

10. சீட்டு விளையாட்டு ஒன்று. உரையில் ஆறு பத்தி இருந்தால் 1 முதல் 6 வரை எழுதிச் சுருட்டி டம்ளரில் போடுங்கள். எந்த எண் வருகிறதோ அந்தப் பத்தியிலிருந்து பிள்ளை பேச வேண்டும். மறந்துவிட்டால் 'முதல்லேர்ந்து சொல்றேன்' என்று திரும்பிப் போகும் பழக்கத்தை உடைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

11. மனப்பாட ராகம் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு வாக்கியமும் ஒரே மாதிரி ஏறி, ஒரே மாதிரி இறங்கும். நடுவர்களின் காதில் முதலில் விழுவது அதுதான். பெரும்பாலும் அது சொல்லிக் கொடுப்பவரிடமிருந்தே ஒட்டிக்கொள்வது. அதனால் உங்கள் குரலில் பதிவு செய்து கேட்க வைக்காதீர்கள். பிள்ளையின் குரலையே செல்போனில் பதிவு செய்து அதற்கே போட்டுக் காட்டுங்கள். ராகம் போகவில்லையா? அந்த வரியைப் பேச்சு வழக்கில், அம்மாவிடம் சொல்வதுபோல் ஒரு தடவை சொல்லச் சொல்லி, உடனே எழுத்து வழக்கில் சொல்லச் சொல்லுங்கள்.

12. கை அசைவுகளைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். 'வானம்' என்றால் மேலே, 'நெஞ்சம்' என்றால் மார்பில் என்று பழக்கினால் உடற்பயிற்சி வகுப்பு மாதிரி ஆகிவிடும். கை தானாக வரும்போது வரட்டும்.

13. அமைதியான அறையில் சரியாக வந்த பிறகு, குக்கர் விசில் அடிக்கும்போது, டிவி ஓடும்போது, நீங்கள் பாத்திரம் தேய்க்கும்போது சொல்லச் சொல்லுங்கள். கையில் கரண்டிதான் மைக். வாய்க்கும் அதற்கும் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி. உண்மையான மைக்கைத் தட்டவோ ஊதவோ கூடாது, உயரம் சரியாகாமல் பேச்சைத் தொடங்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லி வையுங்கள்.

14. மறந்துவிட்டால்? இதைத்தான் யாரும் பயிற்சி செய்வதில்லை. மறந்த இடத்தில் நின்று மூச்சு வாங்கி, அட்டையைப் பார்த்து, அடுத்த பத்திக்குப் போகலாம் என்று முன்பே சொல்லி வையுங்கள். விட்டுப்போன வரி எழுதியவருக்குத்தான் தெரியும். வீட்டில் வேண்டுமென்றே நடுவில் நிறுத்தி, இருமி, கதவைத் தட்டிக் குழப்பிப் பாருங்கள். சர்ச்சில் 1904 ஏப்ரல் 22 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மனப்பாடமாகப் பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் அடுத்த வரி வரவே இல்லை. எவ்வளவோ தேடியும் கிடைக்காமல், கேட்டுக்கொண்டிருந்த உறுப்பினர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 29. அதற்குப் பிறகு குறிப்பு இல்லாமல் முக்கியமான உரை எதற்கும் அவர் எழுந்ததில்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளப் போட்டி விதி அனுமதித்தால் வெட்கப்பட வேண்டாம். அனுமதி இல்லையென்றால் ஒவ்வொரு பத்தியின் முதல் சொல்லை மட்டும் வரிசையாக ஒப்பிக்கப் பழக்குங்கள்.

15. அரங்கில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் கூடவே வாயசைக்காதீர்கள். பிள்ளை உங்கள் உதட்டைப் பார்க்கும், தன் வரியை விடும்.

16. நன்றியுரை, வரவேற்புரை சொல்லும் பெரியவர்களுக்கு: பெயர்களையும் பதவிகளையும் மனப்பாடம் செய்யவே கூடாது. விட்டுப்போன ஒரு பெயர் அடுத்த ஆண்டு விழா வரை பேசப்படும். பட்டியலைக் கையில் வைத்துப் படியுங்கள். இனிஷியலும் பட்டமும் சரியா என்று அவரவரிடமே முதல் நாள் கேட்டுக்கொள்ளுங்கள். தொடக்க வரியும் முடிவு வரியும் மட்டும் பார்க்காமல் வந்தால் போதும்.

17. அன்றைக்குக் காலையில் இட்லி மாதிரி லேசாக ஏதாவது கொடுங்கள். குளிர்ந்த தண்ணீர் வேண்டாம், வெதுவெதுப்பான நீர் ஒரு பாட்டிலில் போகட்டும். பள்ளி வாசலில் 'எங்கே, ஒரு தடவை சொல்லு' என்று கேட்காதீர்கள்.

18. போட்டி முடிந்ததும் அட்டைகளைக் குப்பையில் போடாமல் பழைய பவுச்சில் போட்டு வையுங்கள். அடுத்த ஜூலையிலும் இதே தலைப்பு வரும். அப்போது அதையே மறுபடி ஒப்பிக்க விடாமல், ஒரு வயது கூடிய பிள்ளையிடமே பேனாவைக் கொடுத்து இரண்டு பத்திகளையாவது மாற்றி எழுதச் சொல்லுங்கள்.