அரங்கேற்றப் படங்களும் ஆட்டோ மோடும்

எங்கள் ஊர் பரதநாட்டிய அரங்கேற்றங்களைப் படமெடுக்கிறேன். ஆடுபவரின் கைகள் கலங்கியே பதிவாகின்றன. புது கேமரா வாங்கிவிடலாமா?
— வாசகர், கும்பகோணம்

வாங்காதீர்கள், பணம் பத்திரமாக இருக்கட்டும். மங்கலான மேடையில் ஆட்டோ மோடு பெரும்பாலும் ஷட்டரை 1/60 நொடி போல மெதுவாக்கிவிடும். அடவின் வேகத்துக்கு அது போதாது. ஷட்டர் வேகத்தை நீங்களே தீர்மானிக்கும் மோடுக்கு (கேனனில் டிவி, நிக்கானில் எஸ்) மாறி, 1/250-இல் தொடங்குங்கள். வெளிச்சக் குறையை ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டிச் சரிக்கட்டலாம். எதுவரை கூட்டலாம்? அதை உங்கள் கேமராவிடமே கேளுங்கள். இன்றிரவு வீட்டில் ஒற்றை விளக்கொளியில் 800, 1600, 3200, 6400 என வைத்து ஒரே பொருளை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளி புள்ளியாய்ப் படம் சிதைவது எங்கே தொடங்குகிறதோ, அதற்கு முந்தைய எண்தான் உங்கள் எல்லை. அந்த எண் மனப்பாடமாக இருந்தால் மேடையருகே தடுமாற மாட்டீர்கள்.

கேமராவுடன் வந்த 18-55 லென்ஸை முழுதாக ஜூம் செய்தால் அதன் திறப்பு எஃப் 5.6-க்குச் சுருங்கிவிடும். எஃப் 1.8 திறப்புள்ள 50 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். செலவழித்தே ஆகவேண்டுமென்றால் அதற்குச் செலவழியுங்கள். அடுத்த அரங்கேற்றத்துக்கு முன், ஒத்திகை ஒன்றுக்குப் போய் இவற்றைச் சோதித்துவிடுங்கள்.