வெண்பன்றிக் கழிச்சல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் வெண்பன்றி வளர்ப்போருக்குக் கழிச்சல் தீராத கவலை. வெளியே தெரிவது கழிச்சல் மட்டுமே. குடலுக்குள் நடப்பதோ கிருமிக்குக் கிருமி வேறு. வைத்தியம் பிசகுவது இதை அறியாததால்தான்.

நம்பிக்கை: கழியும் குட்டிக்குத் தண்ணீர் காட்டக் கூடாது.

உண்மை: பிறந்த சில நாட்களிலும், பால் மறக்கடித்த வாரத்திலும் குட்டிகளை அதிகம் தாக்குவது ஈ.கோலை என்னும் கிருமி. சிறுகுடலின் உறிஞ்சிகளில் ஒட்டிக்கொண்டு அது நஞ்சைச் சுரக்கிறது. குடல் செல்கள் பெரும்பாலும் சிதைவதில்லை. ஆனால் உடம்பின் நீரையும் உப்பையும் குடலுக்குள் கொட்டுகின்றன. குட்டி சாவது இந்த நீரிழப்பால். செல்கள் உயிரோடு இருப்பதால், சர்க்கரையோடு சேர்ந்த உப்பை அவை இன்னமும் உறிஞ்சும். உப்புச் சர்க்கரைக் கரைசல் குட்டியைக் காப்பாற்றுவது இப்படித்தான்.

நம்பிக்கை: எல்லாக் கழிச்சலுக்கும் ஒரே மருந்து போதும்.

உண்மை: பிறந்த மூன்று நாளுக்குள் ரத்தமாகக் கழிந்து குட்டிகள் செத்தால் கிளாஸ்ட்ரிடியம் என்னும் கிருமியைச் சந்தேகிக்க வேண்டும். அதன் நஞ்சு உறிஞ்சிகளையே அழித்துவிடுவதால், கழிச்சல் கண்டபின் கொடுக்கும் மருந்து பெரும்பாலும் பலிப்பதில்லை. சினைப்பன்றிக்குத் தடுப்பூசியும், குட்டிக்குப் பிறந்த உடனே சீம்பாலும்தான் காப்பு. வளர்ந்த பன்றி சளியும் ரத்தமுமாகக் கழிந்தால், பெருங்குடலைத் தாக்கும் பிராக்கிஸ்பைரா காரணமாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு. கைக்குக் கிடைத்த மருந்தையெல்லாம் கொடுத்துவிடவும் கூடாது: மனிதருக்குக் கடைசிக் கட்ட மருந்தான கோலிஸ்டினை, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குத் தரக்கூடாது என்று இந்திய அரசு 2019-இல் தடை செய்துவிட்டது.

நம்பிக்கை: கழிச்சல் இல்லையென்றால் குடலில் நோயில்லை.

உண்மை: லாசோனியா என்னும் கிருமி குடல் செல்லுக்குள்ளேயே புகுந்து வாழ்கிறது. முதிராத செல்கள் பெருகிக் குவிந்து, சிறுகுடலின் கடைப்பகுதி ரப்பர் குழாய்போலத் தடித்துவிடும். இந்தச் செல்களால் சத்தைச் சரிவர உறிஞ்ச முடியாது. கழிச்சலே இல்லாமல், தீவனம் தின்றும் எடை ஏறாத பன்றிகளின் குடலில் இது ஒளிந்திருக்கலாம்.

நம்பிக்கை: பன்றி எதைத் தின்றாலும் செரித்துவிடும்.

உண்மை: ஓட்டல் மிச்சத்தையும் இறைச்சிக் கழிவையும் வேகவைக்காமல் போட்டால் சால்மோனெல்லா கிருமி கூடவே போகலாம். அது குடற்சுவரைப் புண்ணாக்கும். சில வகைகள் ரத்தத்தில் கலந்து கல்லீரல், நுரையீரல் வரை பரவும். நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்த பிறகே கொடுக்க வேண்டும்.

எந்தக் கிருமி என்பதைக் குடல் திசுவைச் சோதித்தால் அறியலாம். ஆனால் செத்த குட்டியின் குடல் நம் வெயிலில் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும். எனவே புதைக்க அவசரப்படாமல், உடனே கால்நடை மருத்துவரை அழைத்துப் பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். நாமக்கல்லிலும் உடுமலையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒரு குட்டியின் குடல் சொல்லும் சேதி, கொட்டகையில் மிஞ்சியிருக்கும் மற்றக் குட்டிகளைக் காக்கும்.