வளையம் எங்கே உட்காரும்?

அன்புள்ள தேன்மொழிக்கு,

பெரியம்மா எழுதுவது. நீ அனுப்பிய முந்தானைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காம்புத் தையல் சீராக ஓடியிருக்கிறது, இலைகளின் நிறமும் பாந்தம். ஆனால் இரண்டாவது ரோஜாவின் குறுக்கே எம்பிராய்டரி வளையம் அழுத்திய தடம் தெரிகிறது. நசுங்கிய பூவை எப்படி நிமிர்த்துவது என்று கேட்டிருந்தாய். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அது ஏன் நசுங்கியது என்று பார்.

புல்லியன் ரோஜா ஊசியில் நூலைச் சுற்றிச் சுற்றி எழுப்புவது. துணிக்கு மேலே நிமிர்ந்து நிற்பதுதான் அதற்கு அழகு. இரண்டு வளையங்களுக்கு நடுவே அதைக் கொடுத்துத் திருகை முடுக்கினால் சுற்றுகள் சரிந்து படுத்துவிடும். பிரெஞ்சு முடிச்சுக்கும் இதே கதி. கண்ணாடி மணி என்றால் உடைந்தே போகலாம். ஓடுதையல், காம்புத் தையல் போன்ற தட்டையானவை ஓரளவு தாங்கும். அதனால் முந்தானை முழுக்கத் தட்டை வேலையை முடித்துவிட்டு, மேடான வேலையைக் கடைசிக்கு வை. ஒரு பூவையாவது முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்!

உன் வளையமும் சிறிது. ஒரு கொத்து முழுதும் உள்ளே அடங்கும்படி 8 அங்குலம் வாங்கு. பெரிய வளையத்தில் நடுத்துணி தொய்யும், அவ்வப்போது இழுத்துவிட வேண்டும், பரவாயில்லை. உள்வளையம் முழுக்கப் பருத்தி நாடாவை ஒன்றின்மேல் ஒன்று லேசாக ஏறும்படி சுற்றி, முனையை உட்பக்கம் தைத்துவிடு. துணி வழுக்காது, திருகை அவ்வளவு முடுக்கவும் வேண்டியிராது.

தட்டைத் தையல்மேல் வளையம் ஏறியே ஆக வேண்டிய இடமும் வரும். அங்கே சேலைமேல் பழைய வெள்ளை மல் துணி ஒன்றை விரித்து, இரண்டையும் சேர்த்து மாட்டு. பிறகு தைக்கும் இடத்தில் மட்டும் மேல்துணியைத் தூக்கிப் பிடித்து வெட்டித் திறந்துகொள். சாயத்துணி வேண்டாம், செய்தித்தாள் வேண்டவே வேண்டாம், மை ஒட்டும். மேடான பூக்களை இந்த மல் துணி காப்பாற்றாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜரிகைமேலும் வளையம் கூடாது. மடங்கிய ஜரிகை பழையபடி ஆகாது. ஆரி வேலைக்காரர்கள் துணியைப் பெரிய மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டித் தைப்பதைப் பார்த்திருப்பாய். முடிந்த தையலை எதுவும் கவ்வாமல் இருப்பது அதில் ஒரு பெரிய வசதி.

ராத்திரி வேலையை நிறுத்தும்போது வளையத்தைக் கழற்றிவிடு. நாள்கணக்கில் மாட்டியே வைத்தால் மடிப்பு படிந்துவிடும், அழுக்கும் விளிம்பிலேதான் சேரும். மழைக்காலத்தில் இரும்புத் திருகின் துருக்கறை வேறு. கழற்றும்போது முதலில் திருகைத் தளர்த்து. துணியைப் பிடித்து இழுக்காதே.

இனி அந்த ரோஜா. ஈரமான வெள்ளைத் துணியை நூல்மேல் ஒற்றி, சாயம் போகிறதா என்று பார். போகவில்லை என்றால், மடித்த துவாலைமேல் பூ கீழே இருக்கும்படி வைத்து, பின்புறம் நீர் தெளித்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்து வைத்து எடு. தேய்க்காதே. ஈரம் காய்வதற்குள் ஊசியின் காதுப் பக்கத்தால் சுற்றுகளை மெல்லத் தூக்கிவிடு. பெரும்பாலும் எழுந்துவிடும், எழவில்லை என்றால் அந்த ஒரு புல்லியன் தையலை மட்டும் பிரித்துத் தை.

மூன்றாவது ரோஜாவை இப்போது தொடாதே. இலைகளை முடித்துவிட்டு எனக்குப் படம் அனுப்பு.

அன்புடன்,
பெரியம்மா