பழைய கைக்கணினிக்குத் துணைக்கோப்பு ஏற்றுதல்

பாம் கைக்கணினிகள் 1996இல் ‘பைலட்’ என்ற பெயரில் வெளிவந்தன. 2010இல் பாம் நிறுவனத்தை ஹியூலெட் பக்கார்ட் வாங்கியது. பாம் வழிவந்த கருவிகளை 2011இல் நிறுத்திவிட்டது. ஆயினும் நாமே பராமரிக்க அறிந்திருந்தால், பழைய கருவி இன்றும் உழைக்கும்.

சில கணக்கு மென்பொருட்களைத் திறந்தால் ‘மாத்லிப் இல்லை’ என்று கூறி நின்றுவிடும். ஏன்? பாம் இயங்குதளத்துக்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல், பிரித்தல் தெரியும். வர்க்கமூலம், மடக்கை, சைன் தெரியா. இவற்றைத் தருவது மாத்லிப் என்னும் இலவசத் துணைக்கோப்பு. ஒரே தண்ணீர்ப் பம்பைப் பல கமக்காரர் பாவிப்பதுபோல, பல மென்பொருட்கள் இந்த ஒன்றையே பாவிக்கின்றன.

செய்யும் முறை:

1. கோப்பு சுருக்கப்பட்டிருந்தால், முதலில் மேசைக்கணினியில் விரித்தெடுங்கள். ‘பிஆர்சி’ என முடியும் கோப்பே தேவை.

2. பாம் டெஸ்க்டொப் மென்பொருளின் ‘இன்ஸ்டோல்’ பட்டியலில் அதைச் சேருங்கள். இதற்கு விண்டோஸ் எக்ஸ்பி உள்ள பழைய கணினி பொருத்தமானது.

3. கைக்கணினியைத் தாங்கியில் வைத்து, ஹொட்சிங்க் பொத்தானை அழுத்துங்கள்.

4. திரையில் புதிய படம் எதுவும் தோன்றாது. பயப்பட வேண்டாம், துணைக்கோப்புக்குத் தனிப்படம் இல்லை. நின்றுபோன மென்பொருளைத் திறந்து பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. பழைய வகைகளில் மின்கலம் முற்றாக இறங்கினால், ஏற்றியவை யாவும் அழிந்துவிடும். மீண்டும் தர நிறுவனமும் இல்லை. விதைநெல் முழுவதையும் ஒரே சாக்கில் வைப்பாருண்டா? மென்பொருளையும் அதன் துணைக்கோப்பையும் சேர்த்தே இரண்டு இடங்களில் பிரதி செய்து வையுங்கள். ஒன்று தொலைந்தாலும் மற்றது கைகொடுக்கும்.