அரிவு வெட்டுக் காலத்திற் பிள்ளைகளுக்கு ஏற்ற விரைவு உணவு

சரவணையிற் காலபோக நெல் மாரி மழையை நம்பியே விளைகின்றது. தை, மாசியில் அரிவு வெட்டுத் தொடங்கியதும் தாயும் வயலுக்குச் சென்றுவிட, இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்குத் தேநீரும் விசுக்கோத்துமே காலை உணவாகி விடுகின்றன. நெல்லும் கீரையும் விளைவிக்கும் வீட்டில் இது நேரலாகாது. உணவிலுள்ள இரும்புச் சத்து உடலிற் சேர்வதையும் தேநீர் தடுக்கும்.

தவிடு நீக்காத சிவப்புப் பச்சையரிசி இரண்டு சுண்டு, பயறு ஒரு சுண்டு ஆகியவற்றைத் தனித்தனியே மணம் வர வறுத்து, ஆறியபின் இடித்து அரித்துத் தகரத்தில் அடைத்து வைக்கவும். இரு கிழமைக்கு வேண்டிய அளவே போதும். நாட்சென்றால் தவிட்டெண்ணெய் கெட்டு மா மணக்கும்.

மூன்று மேசைக்கரண்டி மாவை ஒரு பேணி தண்ணீரிற் கட்டிபடாமற் கரைத்து, அடுப்பில் வைத்துத் துழாவவும். கொதித்து வருகையில் ஒரு பிடி முருங்கையிலையை அரிந்து இடுக. முட்டை கிடைத்தால் அடித்து ஊற்றி நன்கு வேகவிடலாம். இல்லையேல் அவித்த மீனை முள் நீக்கி மசித்துச் சேர்க்கலாம். தேங்காயின் முதற்பால் சிறிது விட்டு இறக்கி, இரண்டு துளி தேசிப்புளி சேர்க்கவும். கிணற்று நீர் உவராயின் உப்பு வேண்டா.

கூழ் தடிப்பாக இருத்தல் வேண்டும். பிள்ளையின் வயிறு சிறிது. நீர்த்த கஞ்சி அதனை நிரப்புமேயன்றி வளர்ச்சிக்குப் போதாது. கரண்டியைச் சரித்தவுடன் ஒழுகுமாயின் இன்னும் சிறிது மா கரைத்து விட்டுக் காய்ச்சுக. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலன்றி இவையொன்றும் வேண்டா.

வயலுக்குக் கொண்டு செல்வதாயின் மூடிய பாத்திரத்தில் எடுத்துச் சென்று, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊட்டிவிடவும். மிஞ்சியதைப் பிற்பகலுக்கு வைத்தல் ஆகாது.