ஒரு கடிதம், ஒரு சங்கம்



இந்த மாதப் பாடம் நெதர்லாந்து நாட்டைப் பற்றியது. ஐரோப்பாவில் கடலோரமாக இருக்கிற சின்ன நாடு. அதன் வடக்கே குரோனிங்கன் என்று ஒரு ஊர். அங்கே 1614-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் இன்றைக்கும் நடந்து வருகிறது.

அங்கே படித்துப் பேர் வாங்கியவர்கள் பலர். ஐரோப்பாவில் பல நாடுகள் சேர்ந்து 'யூரோ' என்ற ஒரே பணத்தைக் கொண்டு வந்தபோது, அதற்கான மத்திய வங்கியின் முதல் தலைவராக இருந்த விம் டுய்சன்பெர்க் அங்கே பொருளாதாரம் படித்தவர். விவசாயக் குடும்பத்தில் பத்துப் பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்த பென் ஃபெரிங்கா, அங்கே வேதியியல் படித்து 2016-ல் நோபல் பரிசு வாங்கினார். ஆனால் முதல் 250 வருஷத்துக்கு மேல் அங்கே மாணவராகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் ஆண்கள்தான். அதை மாற்றிய பெண்ணைப் பற்றித்தான் இந்தப் பாடம். அவர் பெயர் அலெட்டா ஜேக்கப்ஸ்.

கடிதம் எழுதிய பெண்

அலெட்டா 1854-ல் குரோனிங்கனுக்குப் பக்கத்தில் சாப்பமேர் என்ற ஊரில் பிறந்தார். அப்பா டாக்டர். வீடு நிறைய பிள்ளைகள். அப்பாவைப் போல நானும் டாக்டர் ஆகணும் என்பது சின்ன வயதிலிருந்தே அவருடைய ஆசை. ஆனால் அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகளுக்கு நல்ல பழக்க வழக்கம் சொல்லிக் கொடுத்தால் போதும் என்றுதான் நினைத்தார்கள். அப்படிப்பட்ட பள்ளிக்கூடத்தில் அலெட்டாவைச் சேர்த்தபோது, இரண்டு வாரத்திலேயே வேண்டாம் என்று வந்துவிட்டார். பிறகு தானாகப் படித்து, மருந்துக்கடை உதவியாளர் பரீட்சையில் பாஸ் ஆனார்.

1871-ல் அவருக்கு வயது 17. நேராக நாட்டின் பிரதமர் தோர்பெக்குக்கே ஒரு கடிதம் எழுதினார். பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படிக்க அனுமதி கேட்டார். அனுமதி கிடைத்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கடிதம் எழுதியது மகள். பதில் வந்ததோ அப்பா பெயருக்கு! அதுவும் ஒரு வருஷத்துக்கு மட்டும், பார்க்கலாம் என்கிற மாதிரி அனுமதி. அலெட்டா சளைக்கவில்லை. வகுப்பில் உட்கார்ந்து படித்துக் காட்டினார். 1872-ல் அந்த அனுமதி நிரந்தரம் ஆனது. அடுத்த சில நாட்களில் தோர்பெக் காலமாகிவிட்டார். கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

1879 மார்ச் 8 அன்று அலெட்டா டாக்டர் பட்டம் வாங்கினார். நெதர்லாந்து நாட்டின் முதல் பெண் மருத்துவர் அவர்தான். அவர் திறந்த வழியில் அவருடைய அக்கா சார்லட்டும் மருந்தியல் படித்தார்.

படிப்பு யாருக்குப் பயன்பட்டது?

அலெட்டா ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் மருத்துவம் பார்த்தார். 1882 முதல் ஏழைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வாரத்தில் இரண்டு நாள் இலவச வைத்தியம் பார்த்தார். வருஷா வருஷம் பிள்ளை பெற்று உடம்பு நொந்து வந்த தாய்மார்களுக்குக் கருத்தடை முறையைச் சொல்லிக் கொடுத்தார். இதற்காக மற்ற டாக்டர்களே அவரைத் திட்டினார்கள். அப்படியும் அவர் நிறுத்தவில்லை.

கடைகளில் வேலை பார்த்த பெண்கள் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் அவர்களுக்கு இத்தனை நோய் வருகிறது என்று கண்டுபிடித்தார். "மாத்திரை கொடுத்தால் மட்டும் தீராது, உட்கார நாற்காலி கொடுக்கணும்" என்பதுதான் அவருடைய வாதம். இதற்குச் சட்டம் வரப் பல வருஷம் ஆனது.

இரண்டாவது கடிதம்

1883-ல் அலெட்டா இன்னொரு கடிதம் எழுதினார். இவ்வளவு வரி கட்டுகிறவர்களுக்கு ஓட்டு உண்டு என்று அப்போது சட்டம் இருந்தது. ஆண் என்றோ பெண் என்றோ அதில் எழுதவில்லை. "நானும் வரி கட்டுகிறேன், என் பெயர் ஏன் பட்டியலில் இல்லை?" என்று கேட்டார். முடியாது என்றார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனார். அங்கேயும் தோற்றார். அதோடு விடவில்லை. 1887-ல் அரசியல் சட்டத்திலேயே 'ஆண்' என்ற சொல்லைச் சேர்த்து, அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள்.

முதல் கடிதம் ஜெயித்தது, இரண்டாவது தோற்றது. ஏன்? ஒரு பெண் படிக்க வந்தால் ஒரு இடம்தான் போகும். எல்லாப் பெண்களும் ஓட்டுப் போட வந்தால் அதிகாரமே கை மாறும். அதை ஒரு ஆள் எழுதும் மனுவால் சாதிக்க முடியாது.

இதைப் புரிந்துகொண்ட பெண்கள் 1894-ல் ஓட்டுரிமைக்காகச் சங்கம் ஆரம்பித்தார்கள். அலெட்டா 1903-ல் அதற்குத் தலைவி ஆனார். ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். கடைசியில் 1919-ல் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. முதல் கேள்வி கேட்டபோது அலெட்டாவுக்கு 29 வயது. உரிமை கிடைத்தபோது 65. 1929-ல் அவர் காலமானார்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

கேட்காமல் எதுவும் கிடைக்காது. அதனால் மனு எழுதத் தயங்கக் கூடாது. 'விதியில் இடமில்லை' என்று யாராவது சொன்னால், அந்த விதியைக் காட்டச் சொல்லிப் படித்துப் பார்க்க வேண்டும். தனியாகக் கேட்டு நடக்காததைக் குழுவாகவும், குழுவாகக் கேட்டு நடக்காததைக் கூட்டமைப்பாகவும் கேட்க வேண்டும்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. அலெட்டாவின் கடிதத்துக்குப் பதில் அப்பா பெயருக்கு வந்தது. நம் வீட்டிலும் அலுவலகங்களிலும் இப்படி நடப்பது உண்டா?
2. நம் ஊரில் தனியாகக் கேட்டுக் கிடைக்காமல் போனது எது? அதைத் தீர்மான நோட்டில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கேட்கலாமா?
3. நம் குழுவில் யார் வீட்டுப் பெண் பிள்ளையாவது பாதியில் படிப்பை நிறுத்தியிருக்கிறாளா? அவள் மறுபடி படிக்க நாம் என்ன செய்யலாம்?